உதயகலாவின் காணியில் என் வீடு

புத்தூரில் வீட்டைக் கட்டி முடித்ததும் எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டதென்று ஊரில் கதைத்தார்கள். அது சுத்தப் பொய். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தலைக்கனம் உண்டு. வீடு வந்தபிறகு அதை வைத்திருக்க ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

என் பெயர் பஞ்சலிங்கம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வீடு எழும்பிய காலம் முழுக்க வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கொழும்புத்துறையிலிருந்து வந்த மேசன் லெனாட்டுக்கு மேசன் வேலை படிப்பித்தவன். நான் என் வாழ்நாளில் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்தவனில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியவும் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "லெனாட், உதிலை ஒரு சொட்டுச் சரிவு தெரியுது" என்பேன். அவர் தூக்குக்குண்டை விட்டுக் காட்டுவார். சரிவு இருக்காது. "அப்ப குடைதான் சரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நிழலுக்கு வந்துவிடுவேன்.

கடைசியில் அந்த மனுசன் என் மனைவி உதயகலாவிடம் போய், "அம்மா, கோவிக்காதேங்கோ, ஐயாவை ஒருக்கா எங்கையாவது அனுப்பினியளெண்டா நாங்கள் வேலையை முடிச்சுப்போடுவம்" என்று கெஞ்சினாராம். அதற்குப் பிறகுதான் கலா என்னைச் சீமெந்து விலை விசாரித்துவரச் சுன்னாகத்துக்கும் அச்சுவேலிக்கும் அனுப்பத் தொடங்கினாள். நானும் கடை கடையாய் ஏறி இறங்கி, விலையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்புவிப்பேன். சீமெந்து முதல் கிழமையே வந்து இறங்கிவிட்டது என்பதும், நான் வேர்க்க வேர்க்க ஓடித் திரிந்தது வீண் என்பதும் வீடு முடிந்தபிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

கேற்றடியில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் 'பஞ்சவாசம்' என்று வெட்டுவித்தேன். பஞ்சலிங்கம் வாசம் செய்கிற இடம். கலா ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "உதைக் கொஞ்சம் யோசிச்சு வைச்சிருக்கலாம்" என்றாள். வாசிக்கத் தெரிந்தவனுக்கு விளங்கும் என்று சொல்லிவிட்டேன். புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் முழுக்க அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, "என்ன, பஞ்சம் வந்து குடியிருக்கிற வீடோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பொறாமைக்காரர் அத்தனை பேரும் இரண்டுதரம் பாயசம் வாங்கிக் குடித்தார்கள்.

இந்தப் பெயர்ப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் உடுப்பிட்டிக்காரன். அப்பாவின் வீடும் வளவும் அக்கா இராசமலருக்குச் சீதனமாகப் போயின. ஆம்பிளைப் பிள்ளை நான், என் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய மனுசன் மாதிரிப் பந்தலில் ஓடியோடிச் சோறு பரிமாறினேன். பிறகு கலாவைக் கட்டிக்கொண்டு புத்தூருக்கு வந்தேன். வந்தது அவளுடைய சீதன வீட்டுக்கு. அன்று தொடக்கம் எனக்குப் பெயர் 'இரத்தினம்மா வீட்டு மருமகன்'. இரத்தினம்மா என் மாமி. அவர் காலமாகி எத்தனையோ காலமாகியும் தபால்காரன் கேற்றடியில் நின்று, "இரத்தினம்மா வீட்டு ஐயா, கடிதம்" என்றுதான் கூப்பிடுவான். சங்கக்கடைக்கே நான் மனேச்சர். வீட்டுக்கு நான் மருமகன்.

எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருக்கவில்லை. சாகிறதுக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு, அரசாங்கப் பதிவில், உரிமையாளர் பஞ்சலிங்கம் என்று இருக்கவேண்டும். அந்த ஆசையில்தான் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மாமியின் பழைய வீட்டை இடித்து, அதே இடத்தில், உழைத்ததையெல்லாம் கொட்டி இந்த வீட்டைக் கட்டினேன்.

காணி கலாவினுடையது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லும் கம்பியும் சீமெந்தும் என்னுடையவை அல்லவா? மோட்டச்சைக்கிளை ஆருடைய வளவில் விட்டாலும் பதிவுப் புத்தகம் எங்கள் பெயரில்தானே இருக்கிறது. வீடும் அதே மாதிரித்தான். மண்ணுக்கு ஒரு உறுதிப் பத்திரம், வீட்டுக்கு ஒரு உறுதி. இந்த விளக்கத்தை நான் மதகடியில் கூடுகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் மறுத்துக் கதைக்கவில்லை. என் அறிவைக் கண்டு வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். இவன் போய் முட்டிக்கொண்டு வரட்டும் என்றுதான் அவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

வீட்டைச் சோலைவரிக்கு, அதாவது வீட்டு வரிக்கு, பதியப் பிரதேச சபைக்குப் போனேன். மேசையில் ஜெயனி என்றொரு பிள்ளை இருந்தது.

"உரிமையாளற்றை பேர் என்ன ஐயா?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பஞ்சலிங்கத்தில் பிழை வந்துவிடக் கூடாது.

"காணி உறுதியின்ரை கொப்பி கொண்டந்தனீங்களே?"

"காணி மனிசியின்ரை. வீட்டு உறுதியை இனித்தான் எழுதவேணும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு பக்கத்து மேசையில் இருந்த பிள்ளையைப் பார்த்தது. அதுவும் என்னைப் பார்த்தது. "ஐயா, எதுக்கும் ஒரு நொத்தாரிசைக் கண்டு கதைச்சுப்போட்டு வாங்கோவன்" என்று மிக மரியாதையாகச் சொன்னது. நான் படலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்துதான் இரண்டும் சிரித்தன. அந்தளவுக்கு நல்ல வளர்ப்பு.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஞானாம்பிகை எங்களுக்குத் தெரிந்தவர்தான். கலாவோடு ஒரே பள்ளிக்கூடம், இரண்டு வகுப்புக் கீழே. கலாவின் சீதன உறுதியை அவருக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"எல்லாம் நல்ல துப்பரவாக் கிடக்கு அண்ணை. என்ன செய்யவேணும்?"

"வீட்டுக்கு ஒரு உறுதி எழுதவேணும். என்ரை பேரிலை."

"வீட்டுக்கெண்டு தனி உறுதி இல்லை அண்ணை."

"இல்லாதபடியாத்தானே எழுதச் சொல்லுறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு மண்ணோடை ஒட்டினது. மண் ஆற்றையோ, அதிலை நிக்கிற வீடும் கிணறும் பனையும் அவையின்ரைதான்."

"பனை தானா முளைச்சது பிள்ளை! வீடு தானா முளைச்சதே? நான் கட்டினனான்!" என் சத்தத்தில் வெளியே வாங்கில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது.

"சட்டத்துக்கு ரண்டும் ஒண்டுதான்."

மோட்டச்சைக்கிள் விளக்கத்தை எடுத்துவிட்டேன். பாவம், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியிலை போகலாம் அண்ணை. வீட்டை உருட்டிக்கொண்டு போவியளே?"

இத்தனை பேருக்கு விளக்கம் சொன்னேனே, இந்தக் கேள்வியை ஒரு அறுவானாவது கேட்டிருக்கலாம்.

"அப்ப என்ரை உழைப்பு? அதுக்கு ஒரு நியாயம் இல்லையே?"

"இருக்கு. கலியாணத்துக்குப் பிறகு உழைச்ச தேடிய தேட்டத்தைக் கொட்டிக் கட்டினது எண்டு சொல்லி, செலவிலை பங்கு கேட்டு வழக்குப் போட்டுப் பாக்கலாம்."

"ஆருக்கு எதிரா?"

"கலா அக்காவுக்கு எதிராத்தான்."

நான் ஒரு நிமிசம் யோசித்துப் பார்த்தேன். வழக்குக்குப் போகிற காலையில் என் சேட்டை அழுத்தித் தருவது கலா. பிரசர் குளிசையை எடுத்துத் தருவதும் அவள்தான். ஓட்டோவுக்கு இரண்டு செலவு எதற்கு என்று இரண்டுபேரும் ஒன்றாய்த்தான் நீதிமன்றத்துக்குப் போவோம். அங்கே போய் நான் ஒரு பக்கம் நிற்க, அவள் மறுபக்கம் நிற்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வழக்குச் சரிவராது.

"வேறை வழி ஒண்டும் இல்லையே?"

"ஏன் இல்லை? அக்கா விரும்பினா ஒரு பங்கை உங்களுக்கு நன்கொடையா எழுதலாம். வாயைத் திறந்து கேளுங்கோ. அவ மாட்டன் எண்டு சொல்ல மாட்டா."

வாயைத் திறந்து கேட்பதாம். என்னைத் தெரியாமல் சொல்லிவிட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றுகூடக் கேட்டவனில்லை. பானையைப் பார்ப்பேன். அவள் போடுவாள். இந்த வாயைக் கொண்டு போய் உன் காணியில் எனக்கு ஒரு பங்கு எழுது என்று எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும், "என்னவாம்?" என்றாள்.

"காணியை இன்னொருக்கா அளக்கவேணுமாம்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவள் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி தந்தாள்.

பிறகு சாடையாய்ச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "வெளிநாடுகளிலை இப்ப புருசன் பெண்சாதி எல்லாத்தையும் பாதி பாதியா வைச்சிருக்கினமாம்" என்றேன்.

"நல்ல விசயம்தானே. அப்ப இண்டைக்குக் கோப்பையளிலை பாதியை நீங்கள் கழுவுங்கோவன்."

கழுவினேன். ஒன்றை உடைத்தும் விட்டேன்.

இன்னொரு நாள் பெருமூச்சு விட்டு, "மனுசனுக்கு எப்ப என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "காலமை குளிசை போட்டனீங்களே?" என்று கேட்டாள். போடவில்லைத்தான். அதற்கும் பேச்சு வாங்கினேன்.

சரி, நேராகவே கேட்டுவிடுவது என்று பின்வளவுப் பப்பாசி மரத்தடியில் நின்று பேச்சைப் பழகிக்கொண்டிருந்த நாள்களில்தான் எங்கள் மகள் நிவேதனாவின் கலியாணப் பேச்சு வந்தது. ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் வேலை. கூட வேலை செய்கிற சிவரூபன் என்ற பெடியனை விரும்பியிருந்தாள். நல்ல பெடியன், எங்களுக்கும் பிடித்துக்கொண்டது. பெடியனின் தகப்பன் கனகசபாபதி உடுப்பிட்டியிலிருந்து வீடு பார்க்க வந்தார். பெண் பார்க்க என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மனுசன் பெண்ணை ஒருதரம்தான் பார்த்தது. மிச்ச நேரமெல்லாம் முகட்டைப் பார்த்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பிப் போய் விரல் மொளியால் என் சுவரைத் தட்டியும் பார்த்தது.

"நாங்கள் சீதனமெண்டு ஒண்டும் கேக்கேல்லை, கண்டியளோ. பிள்ளையள் விரும்பிச் செய்யினம். இது அந்தக் காலமில்லை" என்றார். நான் தலையாட்டினேன். "எண்டாலும், வீடு வளவு பிள்ளையின்ரை பேரிலை இருந்துதெண்டா எங்கடை சொந்தக்காரருக்கு நாங்களும் ஒரு பதில் சொல்லலாம்."

நான் தொண்டையைச் செருமி, "அதைப்பற்றி நான் என்ன நினைக்கிறனெண்டா…" என்று தொடங்கினேன்.

"அதுக்கென்ன, எழுதுவம். ஒரே பிள்ளைதானே" என்றாள் கலா.

முடிந்தது. நான் வெயிலில் நின்று கட்டிய வீடு, நானில்லாத ஒருத்தரிடமிருந்து நானில்லாத இன்னொருத்தருக்குப் போய்விட்டது. தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை. கனகசபாபதி திருப்தியோடு சுவரை இன்னொருதரம் தட்டினார்.

அவர்கள் போய்க் கேற் பூட்டுப்பட்டதுதான் தாமதம், எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீரே?"

"கேக்க என்ன கிடக்கு? எங்களுக்கு இருக்கிறது ஒண்டு. அவளுக்குக் குடுக்காமல் ஆருக்குக் குடுக்கிறது?"

"கட்டினவன் நான்!"

"ஆர் இல்லையெண்டது?"

"அப்ப என்ரை பேர் எங்கை கலா? ஒரு இடத்திலையாவது என்ரை பேர் எங்கை?"

பப்பாசி மரத்தடியில் பழகிய பேச்சில் இந்த வசனம் இருக்கவில்லை. அது என்னை மீறி வந்துவிட்டது. குரலும் உடைந்துபோயிற்று, வெட்கக்கேடு. கலா கையில் வைத்திருந்த தட்டத்தோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது திருப்பிச் சொன்னாளென்றால் சண்டையைத் தொடரலாம் என்று காத்திருந்தேன். அவள் தட்டத்தைக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

அடுத்த நாளே நான் ஞானாம்பிகையிடம் ஓடினேன். "கலா எழுதிறதை நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையே?" என்றேன்.

"வழி இருக்கு" என்றார் அவர், மனமில்லாமல். "எங்கடை தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ரை காணியை எழுதிக் குடுக்கிறதெண்டா, புருசன் சம்மதக் கையெழுத்து வைக்கவேணும். நீங்கள் வைக்காட்டி உறுதி எழுதேலாது."

அட! எனக்குத் தலைகால் புரியவில்லை. உரிமையாளராக இல்லாவிட்டால் என்ன, மறிக்கக்கூடியவன் ஆகிவிட்டேனே. மோட்டச்சைக்கிளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்ததில் ஒழுங்கை முடக்கில் நின்ற ஆட்டைக் காணவில்லை. ஆடு தப்பிக்கொண்டது. நான் வேலிக்குள் போய் விழுந்தேன். உடுப்பைத் தட்டிவிட்டு வந்து, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு நீதவான் மாதிரிக் குந்திக்கொண்டேன். இனி அவர்கள் வந்து கெஞ்சட்டும். ஒரு மாதமாவது இழுத்தடிப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை. கலா கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சீலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள். பின்னேரம் நிவேதனா வேலையால் வந்து, எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு மனமில்லாட்டி எழுத வேண்டாம். நான் ரூபனோடை கதைச்சிட்டன். அவருக்கும் தேப்பன் கேட்டது பிடிக்கேல்லை. நாங்கள் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இருப்பம். நீங்கள் இதிலை சந்தோசமா இருங்கோ."

இதுகளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எதிர்த்து நின்றால் ஒரு கை பார்க்கலாம். விட்டுக் கொடுத்துவிட்டு இருந்தால் நான் என்ன செய்வது? நான் மறித்தால் என் பிள்ளை கலியாணம் கட்டி வாடகை வீட்டுக்குப் போகும். நான் கறுப்புக் கல்லைத் துடைத்துக்கொண்டு இங்கே இருப்பேன்.

பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வைத்துவிட்டால் இது மருமகன் வீடு. கனகசபாபதி நினைத்த நேரம் வந்து என் சுவரைத் தட்டுவார். கடைசி காலத்தில் அறையொன்றுக்குள் இருமிக்கொண்டு, எப்போது என்ன சொல்லுவார்களோ என்று ஒடுங்கிக் கிடக்கிற கிழவனாக நான் ஆகிவிடுவேன். அந்தப் பயம் என் நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்தது. ஆனாலும் கலா கடையால் வந்தபோது, வரம் கொடுக்கிற சாமி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"நல்லது. வெள்ளிக்கிழமை நல்ல நாள். அந்த வெள்ளைச் சேட்டைப் போடுங்கோ" என்றாள். கடைக்குப் போனவளின் கையில் ஒரு சாமானும் இல்லாததை நான் கவனித்தேன். காசு கொண்டுபோக மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் என் மூளை வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஞானாம்பிகையின் கந்தோருக்குப் போனோம். சாட்சிக்கு அவருக்குத் தெரிந்த இரண்டு பேர் வந்து இருந்தார்கள். ஞானாம்பிகை உறுதியை உரத்து வாசித்தார். எனது மகள் மீதுள்ள அன்பையும் பட்சத்தையும் முன்னிட்டு என்று தொடங்கி, வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார், தெற்கே இன்னார் என்று எல்லை எல்லாம் சுற்றி வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு என் வீடு எங்கே வருகிறதென்று பார்த்தபடி இருந்தேன். வந்தது. "இதற்குள் அடங்கிய வீடு, கிணறு, பனை, தென்னை, மற்றும் பயன்தரு மரங்கள்." லெனாட்டும் நானும் கட்டியது அந்த ஒற்றைச் சொல். அதற்குப் பிறகு நான் சரியாகக் கேட்கவில்லை. சம்மதம் என்ற இடத்தில் ஒரு தரம், கையெழுத்துக்கு ஒரு தரம், அதோடு என் பெயர் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பேனையைத் திறந்து வைத்திருந்தேன்.

"மேற்படி ஆதனம் முழுவதிலும், எனது கணவர் பஞ்சலிங்கம் அவர்களுக்கு, அவருடைய ஆயுட்காலம் முடியும்வரை சீவிய உருத்து உண்டு" என்று வாசித்தார் ஞானாம்பிகை.

"பொறுங்கோ. அதென்ன?"

"சீவிய உருத்து அண்ணை. பேர் பிள்ளைக்குப் போகும். ஆனா உங்கடை உயிர் இருக்குமட்டும் வீடும் வளவும் உங்கடை கையிலை. பிள்ளையோ மருமகனோ சம்பந்தியோ ஒருத்தரும் உங்களை எழுப்பேலாது. உங்களுக்கு விருப்பமெண்டாத்தான் மற்றவை அதுக்குள்ளை இருக்கலாம்."

நெஞ்சுக்குள் கிடந்த கல் உருண்டு விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாட்சிக்காரர் பார்த்துவிடுவார்களென்று கண்ணாடியைத் துடைத்தேன். சம்பந்தி சுவரைத் தட்டினால் இனிச் சட்டப்படி என்னைக் கேட்டுத்தான் தட்டவேண்டும். சந்தோசத்தில் தாளை வாங்கி அந்த வரியை நானே வாசித்தேன். பஞ்சலிங்கத்தில் பிழை இல்லை. இன்னொருதரம் வாசித்தபோதுதான் ஒரு விசயம் பட்டது.

"இதிலை கலாவின்ரை பேரைக் காணேல்லையே? தாய் தேப்பன் ரண்டு பேருக்கும் எண்டெல்லோ எழுதுறது?"

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றார் ஞானாம்பிகை. "அக்கா முந்தியே தனிய வந்து சொல்லிப்போட்டா. தனக்கு வேண்டாமாம். உங்களுக்கு மட்டும் போடட்டாம்."

நான் கலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சீலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா இது? உமக்கு?"

"எனக்கென்ன? இவ்வளவு காலமும் நீங்கள் என்ரை காணியிலை இருந்தனீங்கள். இனி நான் உங்கடை உருத்திலை இருக்கிறன்."

"விசர்க்கதை கதையாதையும். பிள்ளை, ரண்டு பேருக்கும் எண்டு மாத்தி எழுதும்."

"எழுதாதை ஞானா" என்றாள் கலா. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ரண்டு பேருக்கும் எண்டா உங்களுக்குப் பாதிதான் வரும். இவ்வளவு பாடுபட்டுக் கட்டினனீங்கள். ஏதாவது ஒண்டு முழுசா உங்கடை எண்டு இருக்கட்டும். வையுங்கோ கையெழுத்தை, வெயில் ஏறுது."

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முந்தியே தெரிந்திருக்கிறது. நான் கையெழுத்து வைத்தேன். பஞ்சலிங்கத்தில் பிழை விட்டது அந்த ஒருமுறைதான். ஞானாம்பிகை வெட்டித் திருத்தி, ஓரத்தில் இன்னொரு கையெழுத்து வாங்கினார்.

நிவேதனா அங்கிருந்தபடியே வேலைக்குப் போனாள். நாங்கள் இருவரும் ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். சந்தையடியில் கலா ஓட்டோவை மறித்து, இருந்த இடத்திலிருந்தே கத்தரிக்காய்க்காரியோடு பேரம் பேசத் தொடங்கினாள். பழுது போட்டுவிட்டாள் என்று இரண்டு காயைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பாரமும் இல்லாத முகம்.

நான் உறுதியின் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்தது சரியாக என்னவென்று யோசித்தேன். மகளால் கலாவை எழுப்ப முடியாது, எழுப்பவும் மாட்டாள். சம்பந்தியால் முடியாது. இன்றைக்குச் சட்டப்படி, அவளுடைய தாயின் மண்ணிலிருந்து, அவளுடைய சொந்தச் சீதனத்திலிருந்து, வெளியே போ என்று கலாவைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன் மட்டும்தான். அது நான். அதை என் கையில் தந்துவிட்டு அவள் கத்தரிக்காய் பொறுக்குகிறாள்.

பிறகுதான் மற்றது விளங்கியது. இதே அதிகாரம் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் இருந்திருக்கிறது. நான் கறியில் உப்பில்லையென்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிய நாளிலும், அவளுடைய தாயைப் பேசிய நாளிலும், கிழமைக் கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த போதும், 'இது என்ரை வீடு, நீங்கள் போங்கோ' என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போயிருக்கத்தான் வேண்டும். எத்தனை சண்டை பிடித்திருப்போம், அந்தச் சொல் ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதையே அவள் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். எனக்கு அது கைக்கு வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஓட்டோவுக்குள் இருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.